பிராக் வானியல் கடிகாரத்தைப் படித்தறியும் முறை

பிராக் நகரின் பழைய நகர மண்டபத்தில் 1410ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் கடிகாரத்தின் முன்னால், மணிதோறும் வெளிவரும் அப்போஸ்தலர் பொம்மைகளைக் காணவே பெரும்பாலோர் கூடுகின்றனர். ஆனால், கடிகாரக் கலைஞர் மிகுலாஷ் அமைத்த வானியல் முகப்புதான் நின்று படிக்க வேண்டியது.

முதலில், நுனியில் பொன்னிறக் கை வடிவம் கொண்ட முள்ளைப் பாருங்கள். அது ரோமன் எண்களில் காட்டுவது நாம் பழகிய மணி. மேலே உள்ள 12 நண்பகல், கீழே உள்ள 12 நள்ளிரவு. கோடைகால நேரம் நடப்பில் இருக்கும்போது ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அதே முள்ளில் உள்ள சூரிய உருவம் எந்த நிறத்தின் மேல் நிற்கிறது என்று அடுத்துக் கவனியுங்கள். நீலம் பகல், செம்பழுப்பு அந்தி, கருவட்டம் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகைக்கு மேல் இறங்கிய முழு இரவு. ஜூன் மாத இறுதியில் பிராக்கில் சூரியன் அவ்வளவு ஆழம் இறங்குவதில்லை என்பதால், அப்போது அந்த உருவம் நள்ளிரவிலும் கருவட்டத்தைத் தொடாமலே கடந்து செல்லும். இந்த நுட்பம் ஒன்றே அதை வடிவமைத்தவர்களின் அறிவுக்குப் போதிய சான்று.

நீலப் பரப்பிலுள்ள பொன்னிற வளைகோடுகள் பகற்பொழுதை எப்போதும் 12 பங்காகப் பிரிப்பதால், அவை காட்டும் ஒரு மணி கோடையில் சுமார் 80 நிமிடமாக நீண்டும் குளிர்காலத்தில் சுமார் 40 நிமிடமாகக் குறுகியும் அமையும். வெளி வளையமோ பழைய செக் மணியைக் காட்டுவது. அதில் நாள் முடிவது சூரியன் மறையும்போது. ஆகவே முள் 20ஐக் காட்டினால் பொழுது சாய இன்னும் 4 மணி நேரம் உண்டு. மறையும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் இவ்வளையமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகர்கிறது.

மையம் விலகிச் சுழலும் ராசி வளையத்தில் சூரிய உருவம் நிற்கும் இடமே அன்றைய ராசி. பாதி வெள்ளியும் பாதி கறுப்புமான உருண்டை நிலவின் பிறையைக் காட்டும்.

இவை மூன்றும் தத்தம் வேகத்தில் ஓடக் காரணம் சக்கரங்களின் பற்களே: ராசி வளையத்துக்கு 365, சூரியனுக்கு 366, நிலவுக்கு 379. மறுநாள் அதே நேரத்தில் வந்து பார்த்தால் ராசி வளையம் ஏறத்தாழ ஒரு பாகை முந்தியும், நிலவு 12 பாகை பின்தங்கியும் இருக்கும்.