ஏற்றத்தில் கார் பின்னால் உருளாமல் கிளம்ப

சீசன் நேரத்தில் குன்னூர்-ஊட்டி ரோட்டில் ஏற்றத்தில் நின்று நின்றுதான் போக வேண்டும். அப்போது பலரும் பாதி கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிளட்ச் பிளேட் சூடாகித் தேய்ந்துபோகும். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நியூட்ரலுக்கு வாருங்கள். கிளம்பும்போது முதல் கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, வண்டி முன்னால் இழுக்கப் பார்க்கும். காலை அங்கேயே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி பின்னால் போகாமல் அப்படியே முன்னேறும். பின்னாலிருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், பதறிப்போய் கிளட்சைச் சட்டென்று விட்டால்தான் இன்ஜின் ஆஃப் ஆகும்.

அப்புறம், சரிவில் பார்க் செய்யும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். டயருக்குக் கல் வைப்பது இன்னும் நல்லது. ஆனால் கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். மூடுபனியில் பைக்கில் வருபவருக்கு அது கண்ணில் படாது.