காரைக்குடிப் பக்கம் கயாக் பழகலாம்: கண்மாய் முதல் கடல் வரை

எங்கள் பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்தால் தை, மாசி வரைக்கும் கண்மாயில் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் கயாக், அதாவது துடுப்பால் ஓட்டும் சின்னப் படகு, பழகுவதற்கு அது தாராளம், கை வந்த பிறகு கிழக்கே தொண்டிப் பக்கம் போனால் கடலே இருக்கிறது. கீழே உள்ள மூன்று படிகளையும் தூரத்தை வைத்துப் பிரிக்கவில்லை, காற்றும் நீரோட்டமும் எவ்வளவு இழுக்கும் என்பதை வைத்துத்தான் பிரித்திருக்கிறேன்.

கனோவுக்கும் கயாக்குக்கும் வித்தியாசம் கேட்பவர்களுக்கு: கனோ துடுப்பில் ஒரு முனையில்தான் அலகு (தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி), கயாக் துடுப்பில் இரண்டு முனையிலும். புதியவர்கள் மேல்பக்கம் திறந்த கயாக்கை எடுங்கள், கவிழ்ந்தாலும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கக்கூடாது, நீச்சல் தெரிந்தாலும்தான்.

படி 1: கண்மாய்

முதலில் ஊரில் கேளுங்கள். பெரும்பாலான கண்மாய்களில் மீன் குத்தகை இருக்கும், வலை கட்டியிருப்பார்கள். குடிநீர் ஊருணிப் பக்கம் படகோடு போய்விடாதீர்கள், கால் நனைக்கவே விடமாட்டார்கள், அது சரியும்கூட. வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களும் வேண்டாம், அவை பறவைகள் சரணாலயம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை, நாம் போய்க் கலைக்கலாமா?

அனுமதி கிடைத்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏறிப் பழகுங்கள். இதைத்தான் எல்லோரும் தவிர்ப்பார்கள், இதுதான் முக்கியம். ஐந்து முறையாவது ஏறிய பிறகு துடுப்புக்கு வாருங்கள். அலகைக் கால்விரல் பக்கம் இறக்கி இடுப்பு வரை இழுத்து வெளியே எடுக்க வேண்டும், கையால் மட்டும் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும், உடம்பைத் திருப்பி இழுங்கள். மடை திறந்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், தண்ணீர் உள்ளே இழுக்கும். கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிகிற நாளில் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

படி 2: காரங்காடு

கரையோரமாக அரை மணி நேரம் நேராக ஓட்ட வந்துவிட்டதா? அப்புறம் தொண்டிக்குத் தெற்கே உள்ள காரங்காட்டுக்குப் போகலாம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறது. வழிகாட்டியோடு போங்கள், உள்ளே எல்லா ஓடையும் ஒன்று போலத்தான் தெரியும். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஓரம் சேறாகிவிடும், இறங்கித் தள்ளலாம் என்று நினைத்தால் முழங்கால் வரை புதையும். போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே கொண்டுவந்து சேர்க்கும்.

படி 3: பாக் விரிகுடாக் கரை

இது தனியாகப் போகிற இடம் இல்லை. வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கடல் கொந்தளிக்கும், அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். கடல் கிழக்கே இருப்பதால் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று நம்மைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும், கரையோரத்தில் அலையே தெரியாது, குளம் மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. ஒருமுறை இருபது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பி வர எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, கை இரண்டும் மரத்துப்போய் மறுநாள் பல் துலக்கவே முடியவில்லை. விடியற்காலையில் இறங்கி, கரைக்கு இணையாக, கவிழ்ந்தால் நீந்தி வந்துவிடும் தூரத்துக்குள் ஓட்டுங்கள். இறங்கும் முன் மீனவர்களிடம் காற்றைப் பற்றிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் காரைத் திருப்பிவிடுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். காற்றடைக்கும் கயாக் வாங்குகிறவர்கள் கண்மாய்க்கு ஒட்டுப்போடும் சாமான்களோடு போங்கள். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் கருவேல முள் கண்ணுக்குத் தெரியாது.