மெஷின் கடையில நீட்டுற பேப்பரும் நாம பண்ற தப்பும்

போன ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு செயின்சா வாங்கிடலாம்னு கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கி அப்படியே கோவை வரைக்கும் போனேன். நம்ம பக்கம் வடகிழக்கு மழை வந்தா வீட்டுப் பாதையில ஒரு சீகையோ கற்பூர மரமோ விழாம இருக்காது, ஒவ்வொரு தடவையும் அறுக்க ஆள் தேடி அவரு வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு நாள் ஓடிருது, அதான். கடைக்காரத் தம்பி மெஷின தரையில வெச்சு ஸ்டார்ட்டர் கயிறை ரெண்டு இழு இழுத்தாரு, ஒரு உறுமல் விட்டுச்சு, ஆஃப் பண்ணிட்டாரு. காசு குடுத்தாச்சு. அப்புறம்தான் அந்தப் பேப்பரு வந்துச்சு. "சும்மா ஃபார்மாலிட்டிங்ண்ணா, ஒரு சைன் போட்டுருங்க." போட்டுட்டேன், மேல வர்ற கடைசி பஸ்ஸைப் பிடிக்கணுமே.

ராத்திரி வீட்ல உக்காந்து படிச்சா மொத்தமே நாலு வரி. மெஷின் ஓட்டுற முறை எனக்குச் செஞ்சு காட்டப்பட்டதாம். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை பத்தி எச்சரிக்கப்பட்டேனாம். கையேடு வாங்கிட்டேனாம். நாலாவது வரி, எந்த விபத்துக்கும் கடையோ கம்பெனியோ பொறுப்பில்ல. ஷோகேஸ்ல இருந்த பீஸை எடுத்துக் குடுத்தாங்க, பெட்டியில கையேடே இல்ல.

இதப் படிச்சதும் எல்லாரையும் போல எனக்கும் நாலாவது வரியைப் பாத்துதான் பக்குன்னுச்சு, அதுதான் நாம பண்ற முதல் தப்பு. உண்மையில அந்த நாலுல பல்லு கம்மியா இருக்கிறது அந்த வரிக்குத்தான். நான் வக்கீல் இல்ல, ஆனா அதுக்கப்புறம் சட்டத்த எடுத்து படிச்சும் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டும் புரிஞ்சுக்கிட்டத சொல்றேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பொருளால வர்ற காயத்துக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு, 82-ல இருந்து 87 வரைக்கும். தயாரிப்புல குறை, டிசைன்ல குறை, இல்ல சரியான எச்சரிக்கையும் பயன்படுத்துற முறையும் சொல்லாம வித்தது, இதுல எதுனால காயம் பட்டாலும் 84-வது பிரிவுப்படி கம்பெனி பொறுப்பு. கடைக்காரர் எப்பெப்ப மாட்டுவாருன்னு 86 சொல்லுது: அவரே மெஷின மாத்தி அமைச்சிருந்தா, மாட்டிக் குடுக்குறப்ப கவனமில்லாம இருந்திருந்தா, கம்பெனி குடுத்த எச்சரிக்கைய நம்மகிட்ட சேக்காம விட்டிருந்தா, இல்ல கம்பெனி யாருன்னே தெரியலைன்னா. இதெல்லாம் சட்டம் குடுக்குற உரிமை, கடையில அடிச்சு வெச்ச ஒரு வரியால அத அப்படியே துடைச்சுட முடியும்னு நெனைக்காதீங்க. கேஸ் போடுற உரிமையையே முழுசா பறிக்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னு 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 28-வது பிரிவே சொல்லுது. அதுபோக காசு வாங்கி வித்து முடிச்சப்புறம் நீட்டுற நிபந்தனை அந்த வியாபாரத்துல சேருமாங்கிறதே முதல் கேள்வி.

அதுக்காக எந்தப் பேப்பரும் செல்லாதுன்னு தோள குலுக்கிட்டுப் போறதும் தப்புதான். பக்கத்து ஊருக்காரர் ஒருத்தர் தன்னோட பழைய மெஷின, இருக்கிறது இருக்கிறபடி எடுத்துக்கோன்னு எழுதி வாங்கிட்டு விக்கிறாருன்னு வைங்க, அவரு வியாபாரி இல்ல, அங்க நுகர்வோர் சட்டம் நமக்கு கை குடுக்காது, எழுதுனது எழுதுனதுதான்.

சரி, அப்ப எந்த வரிக்குப் பயப்படணும்? முதல் மூணுக்குத்தான். நாலாவது ஒரு நிபந்தனை, செல்லுமா செல்லாதான்னு வாதாடலாம். முதல் மூணும் நடந்ததா நாமளே ஒத்துக்கிட்ட விஷயம். நாளைக்கு ஏதாவது ஆகி, எனக்கு யாரும் எச்சரிக்கையே சொல்லலைன்னு போய் நின்னா எதிர்த்தரப்பு வக்கீலு அந்தப் பேப்பரத்தான் எடுத்து நீட்டுவாரு, இது உங்க கையெழுத்துதானேன்னு ஒரே கேள்வி. படிக்காம போட்டேன்னு சொல்றதுக்கு அங்க பெரிய மதிப்பு இல்ல.

அதனால நடக்காதத நடந்ததா எழுதியிருந்தா பேனாவால ஒரு கோடு போட்டு அடிங்க, பக்கத்துல "கையேடு தரவில்லை", "செய்து காட்டவில்லை"ன்னு எழுதி தேதியோட சுருக்கொப்பம் (இனிஷியல்) வைங்க, போன்ல ஒரு போட்டோ. கடைக்காரர் மூஞ்சி மாறும், மாறட்டும். பாதி நேரம் அந்தக் கோட்டப் பாத்ததும் கையேடு எங்க இருந்தோ வந்துரும்ங்கிறதுதான் வேடிக்கை.

செஞ்சு காட்டுறதுன்னா என்ன கேக்கணும்னே நமக்குத் தெரியாது, அது இன்னொரு பிரச்சனை. செயின்சாவுல நான் கேட்டிருக்க வேண்டியது முக்கியமா பின்னுதைப்பு. பாரோட, அதாவது செயின் சுத்தி ஓடுற நீளத் தகடோட, மூக்குல மேல் பாதி எதுலயாவது பட்டுச்சுன்னா கண்ணு சிமிட்டுறதுக்குள்ள மொத்த மெஷினும் எகிறி மூஞ்சிக்கு வரும், நம்ம சரிவுல காலூனவே இடம் இல்லாம ஒரு கிளையைப் புடிச்சுக்கிட்டு அறுக்கிறப்ப அதுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். முன்னாடி கைக்கு மேல ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும் பாருங்க, அது கைக்கு மறைப்பு மட்டும்னுதான் ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், முன்னாடி தள்ளினா செயினை நிறுத்துற பிரேக்கே அதுதான். செயின் எவ்ளோ இறுக்கம் இருக்கணும், பெட்ரோல்ல ஆயில் என்ன கணக்குல கலக்கணும், இதெல்லாம் கடையிலயே கேட்டுருங்க. புல்லு வெட்ற பிரஷ் கட்டர்னா 15 மீட்டர் சுத்துக்குள்ள ஆளு நிக்கக் கூடாதுங்கிறதுதான் பெரும்பாலான கையேட்டுல இருக்கு, நம்ம ஊர்ல வரப்புல நின்னு பேசிட்டே இருப்பாங்க.

அடுத்தது பில்லு. "பில் வேணாம்னா ஜிஎஸ்டி மிச்சம்ங்ண்ணா"ன்னு ஒரு எஸ்டிமேட் துண்டுச் சீட்ட குடுப்பாங்க, நாமளும் சந்தோஷமா மடிச்சு வெச்சுக்குவோம். பேரு தெரியாத இறக்குமதி மெஷினா இருந்தா இத விடப் பெரிய தப்பு வேற இல்ல. கம்பெனி யாருன்னு தெரியாதப்ப கடைக்காரரே பொறுப்புன்னு சட்டம் சொல்லுதுதான், ஆனா அவருதான் வித்தாருன்னு காட்ட கையில என்ன இருக்கு? பில்லுல மாடலும் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்க. பெட்டியில தயாரிச்சவரோ இறக்குமதி பண்ணவரோ யாரு, முகவரி என்ன, எந்த நாட்டுச் சரக்குன்னு இருக்கணும், இல்லைன்னா அந்த மெஷினே வேணாம். யாரு பேர்ல பில்லு போடுறோம்ங்கிறதும் பாத்துக்கோங்க. ரெண்டு ஏக்கர் டீ வெச்சு தானே ஓட்டிப் பொழைக்கிறவரு சுயதொழில்னு நுகர்வோர் கணக்குல வந்துருவாரு, ரிசார்ட்டு பேர்ல வாங்குனா வணிக நோக்கம்னு சொல்லி முதல் வாசல்லயே நிறுத்தப் பாப்பாங்க.

அடுத்த தப்பு கார்டை, அதாவது பிளேடை மறைக்கிற பாதுகாப்பு மூடியைக் கழட்டுறது. கோத்தகிரியாகட்டும் கொடைக்கானலாகட்டும், நாலு இஞ்ச் கட்டிங் மெஷின்ல கார்டு இருக்கிறத நான் பாத்ததே கொஞ்சம்தான், அதுலயே மரம் அறுக்கிற பல்லு பிளேடையும் மாட்டி ஓட்டுவாங்க. சிக்குனா கையை விட்டு எகிறுற சாமான் அது. காயத்த விடுங்க, கேஸும் அங்கயே முடிஞ்சுது: அடிபட்ட நேரத்துல மெஷின் மாத்தி அமைச்சிருந்தாலோ தப்பா பயன்படுத்தியிருந்தாலோ வித்தவர் மேல வழக்கு நிக்காதுன்னு 87-வது பிரிவு. அதே பிரிவுல இன்னொண்ணும் இருக்கு, போதையில ஓட்டியிருந்தா எச்சரிக்கை சரியில்லைன்னு கம்பெனி மேல பழி போட முடியாது. குளிருக்கு ஒரு கட்டிங் போட்டுட்டு கட்டிங் மெஷின எடுக்கிற நம்ம ஆளுங்கள மனசுல வெச்சே எழுதுனாங்களோ என்னமோ.

மெஷின் வாங்குனா நம்ம இடத்து மரத்த நம்ம இஷ்டத்துக்கு அறுக்கலாம்னு ஒரு நெனப்பும் இருக்கு. 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற ஊரு இது, காத்துல விழுந்ததுக்கு விலக்கு, நிக்கிறதுக்கு பொதுவா அந்தச் சட்டப்படி இருக்கிற கமிட்டியோட அனுமதி வேணும்.

ஆள் வெச்சு வேலை வாங்குறவங்க பண்ற தப்பு தனி ரகம். கடையில தனக்கு நீட்டுன பேப்பரப் பாத்துட்டு, அதே மாதிரி ஒண்ண டைப் பண்ணி வேலைக்காரங்ககிட்ட "எனக்கு ஏதாச்சும் ஆனா முதலாளி பொறுப்பில்ல"ன்னு கைநாட்டு வாங்கி பீரோல வெச்சுக்குவாங்க. அது காகிதம் மட்டும்தான். இழப்பீட்டு உரிமைய விட்டுக்குடுக்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னு 1923-ல வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோட 17-வது பிரிவே சொல்லிருந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் அதே விதி இருக்கு. 2019 சட்டத்தோட அதே 87-வது பிரிவுல இன்னொரு கண்ணியும் இருக்கு. முதலாளி வேலையிடத்துக்குன்னு வாங்கி, கம்பெனி எச்சரிக்கைய முதலாளிகிட்ட குடுத்திருந்தா எச்சரிக்கை தரலைங்கிற பொறுப்புல இருந்து கம்பெனி விலகிக்கும். அதாவது கையேடு உங்க பீரோல தூங்குது, மெஷின ஓட்டுற அண்ணன் அதப் பாத்ததே இல்ல, ஆனா சொல்ல வேண்டிய கடமை இப்ப உங்க தலையில. இங்கிலீஷ் கையேட்டக் குடுத்துட்டு படிச்சுக்கோன்னு சொன்னா ஆச்சா? ஒரு நாள் காலையில நின்னு தமிழ்ல சொல்லிக்குடுங்க.

விபத்துக்கு அப்புறம் பண்ற தப்பு இருக்கே, அதுதான் எல்லாத்துலயும் மோசம். பதட்டத்துல உடைஞ்ச மெஷினத் தூக்கி கடையிலயே குடுத்துருவோம், அவங்களும் "விடுங்கண்ணா சரி பண்ணித் தர்றோம்"னு வாங்கி உடைஞ்ச பார்ட்டை மாத்திருவாங்க. நம்ம ஆதாரம் குப்பைக்குப் போச்சு. மெஷின் எப்படி இருக்கோ அப்படியே, அறுந்த செயினோட, தெறிச்ச டிஸ்க் துண்டோட ஒரு சாக்குல கட்டி வைங்க. ஜிஎச்ல எப்படி அடிபட்டுச்சுன்னு சரியா சொல்லி ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்குங்க, போலீஸ் கேஸாகிடும்னு பயந்து கீழ விழுந்துட்டேன்னு சொன்னா அதுவே பின்னாடி திரும்பி வரும்.

அப்புறம் புது மெஷின் ஒண்ணும் ஆஸ்பத்திரி செலவுக்கு கொஞ்சம் பணமும் குடுத்து, "முழுத் திருப்தியோட பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஒரு பேப்பர் வரும் பாருங்க, உக்காந்து படிக்க வேண்டிய பேப்பர் அதுதான். விபத்துக்கு முன்னாடி வாங்குன கையெழுத்த விட காசு வாங்கிட்டு போட்ட இந்தக் கையெழுத்துக்கு வலு ரொம்ப அதிகம், மிரட்டியோ ஏமாத்தியோ வாங்குனாங்கன்னு காட்டுனாத்தான் ஒடைக்க முடியும். விரலு எத்தன நாள்ல மடங்கும்னு டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி அதுல பேனா வைக்காதீங்க.

எங்க போறதுன்னா, பில்லுக்கு அடியில "கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது"ன்னு பொடி எழுத்துல இருக்கும், அதப் பாத்து மலை இறங்க வேண்டியதில்ல. நாம குடியிருக்கிற ஊரு எந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குள்ள வருதோ அங்கயே போடலாம்னு 2019 சட்டம் மாத்திருச்சு, நமக்கு ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கு திண்டுக்கல். பொருளுக்குக் குடுத்த விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிப் பாருங்க, சிலது அங்கயே முடிஞ்சுரும். இந்த ஒப்பந்தமே அநியாயம், ரத்து பண்ணுங்கன்னு தனியா கேக்கணும்னா மட்டும் மாநில ஆணையம் வரைக்கும் போகணும்.

என் கதைக்கு வர்றேன். அடுத்த மாசம் அரம் வாங்கப் போறப்ப அதே கடைக்குப் போயி கையேடு கேட்டேன். அந்தத் தம்பி மேலயும் கீழயும் பாத்துட்டு உள்ள போய் ஒண்ணு கொண்டு வந்தாரு, இந்தியும் இங்கிலீஷும். பின்னாடி ஷெட்ல ஒரு கட்டைய வெச்சு மெக்கானிக் ஒரு கால் மணி நேரம் அறுத்துக் காட்டினாரு, பிரேக் சமாச்சாரமே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கடை வெச்சிருந்த காப்பியில "கையேடும் செய்முறை விளக்கமும் இன்றுதான் தரப்பட்டது"ன்னு அன்னிக்கு தேதியப் போட்டு எழுத வெச்சு, அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். "இவ்ளோ விவரமா யாரும் கேட்டதில்லீங்ண்ணா"ன்னாரு. பாராட்டுனாரா திட்டுனாரான்னு பஸ்ஸுல குஞ்சப்பனை தாண்டுற வரைக்கும் யோசிச்சுட்டே வந்தேன்.