புல்லுக்கு வாடகை: சி.ஆர்.பி. ஒப்பந்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது பாகா கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி). 1930களில் புழுதிப்புயல் மேல்மண்ணை வாரிக்கொண்டு போன பூமி. இன்று அங்கே கோதுமை விளைந்த பல வயல்களில் புல் நிற்கிறது. அதை உழாமல் விட்டுவைக்க அரசு ஆண்டுதோறும் வாடகை தருகிறது. 1985 வேளாண் சட்டத்தில் வந்த இந்தத் திட்டத்துக்கு சி.ஆர்.பி. (Conservation Reserve Program, நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம்) என்று பெயர். சும்மா கிடக்கும் நிலத்துக்குச் சும்மா வரும் பணம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. கையெழுத்துப் போட்டவரே அப்படி நினைத்தால்தான் சிக்கல்.

முதலில், ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு. நடுவில் கோதுமை விலை ஏறியதும் உழுதுவிடலாம் என்று கணக்குப் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஒரு பேச்சுக்கு, 300 ஏக்கர், ஏக்கருக்கு 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 டாலர். ஐந்து தவணை வாங்கியபின் முறித்தால் 60,000 டாலரையும் வட்டியோடு திருப்ப வேண்டும். புல் விதைக்க அரசு கொடுத்த பங்கும் திரும்பப் போகும். அதற்கு மேல் ஓராண்டு வாடகையில் 25 சதவீதம், அதாவது 3,000 டாலர் அபராதம். எந்த நல்ல மகசூலும் இதை ஈடுகட்டுமா என்பது சந்தேகம்தான். நிலத்தை விற்றாலும் இதே கதைதான்: வாங்குபவர் ஒப்பந்தத்தைத் தன் பெயரில் ஏற்காவிட்டால், பணத்தைத் திருப்ப வேண்டியவர் விற்றவர். கிரயப் பத்திரம் எழுதும் முன்பே இதைப் பேசி முடிப்பது நல்லது.

பணம் வரும் நேரத்தையும் பலர் தவறாக எண்ணுகிறார்கள். வாடகை அந்தந்த ஒப்பந்த ஆண்டு முடிந்து அக்டோபரில்தான் வரும். விதை, டிராக்டர், களைக்கொல்லிச் செலவோ முதல் ஆண்டிலேயே வந்துவிடும். அதில் அரசின் பங்கு பாதி வரைதான். கையில் காசு வைத்துக்கொள்ளாமல் இறங்கக் கூடாது. ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு.

எல்லாரும் விண்ணப்பிக்கும் பொதுச் சேர்க்கையில் நிலம் இடம்பிடிக்கப் போட்டி உண்டு. மண் அரிப்பு, நீர், பறவைகளின் வாழிடம் என்று பல அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டு நிலங்களை வரிசைப்படுத்துவார்கள். கேட்கும் வாடகையும் அதில் சேரும். உச்ச வாடகைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மதிப்பெண் குறையும்.

புல் முளைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. களையைக் கட்டுப்படுத்தாவிட்டால் அதுவும் ஒப்பந்த மீறல். அதற்காகப் பறவைகள் முட்டையிடும் காலத்தில் புல் வெட்டும் இயந்திரத்தை இறக்கவும் கூடாது. வறட்சியில் மாடுகளை மேய்க்கவோ உலர்தீவனத்துக்குப் புல் அறுக்கவோ அனுமதி கிடைப்பதுண்டு. ஆனால் கவுண்டியின் வேளாண் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரர் மேய்க்கிறாரே, சரி நாமும் மேய்ப்போம் என்பது எடுபடாது.

ஈ.க்யூ.ஐ.பி. (Environmental Quality Incentives Program, சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம்) என்ற இன்னொரு திட்டத்தையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதில் வாடகை கிடையாது. வேலி, தண்ணீர்த் தொட்டி, சொட்டுநீர்ப் பாசனம் போன்ற வேலைகளின் செலவில் ஒரு பங்கு வரும். அங்கே ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கினால், விலக்கு வாங்கியிருந்தால் தவிர, அந்த வேலைக்குக் காசு வராது.

ஒப்பந்தக் காலம் முடிந்தபின் உழ நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். எளிதில் அரிக்கும் நிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், மண் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் பயிர் வைப்பவருக்கு மற்ற அரசு உதவிகள் நின்றுபோகும். 2014 வேளாண் சட்டத்திலிருந்து பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான அரசுப் பங்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.