சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: அரட்டைக் குழுவில் பிட்காயின் உண்டியல் வைக்கும் முறை

எங்கள் குழு பெரிய குழு இல்லை. விலை ஏறினால் ஒரு மீம், இறங்கினால் இரண்டு மீம், நடுவில் கொஞ்சம் வம்பு. யாராவது உருப்படியாக ஒரு பதில் சொன்னால் "இந்தா, 500 சாட்" என்று பிட்காயின் சில்லறையைத் தட்டிவிடுவோம். 2024 தொடக்கத்தில் ஒருநாள், "இப்படிச் சிதறுவதை ஒரு இடத்தில் சேர்த்து நல்ல காரியத்துக்குக் கொடுத்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

43 பேர் போட்டார்கள். மொத்தம் 4,30,000 சாட். ஏப்ரல் கடைசியில் அதை அனுப்ப உட்கார்ந்தேன். வாலட் காட்டிய கட்டணம் 1,78,000 சாட்.

செயலியை மூடித் திறந்து பார்த்தேன். அதே எண்தான்.

அந்த எண் எப்படி வந்தது, அடுத்த முறை அது வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதுதான் இந்தப் பதிவு. பிட்காயின் என்றால் என்ன, எங்கே வாங்குவது என்பதெல்லாம் இங்கே கிடையாது. 12 மீட்புச் சொற்களைத் தாளில் எழுதிவைத்திருக்கிறீர்கள், போனில் படம் எடுத்து வைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். இன்னொன்று: வாலட்டில் அலகை இப்போதே சாட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சாட். 0.0001 என்று எழுதினால் 10,000 சாட். ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் பத்து மடங்கு போய்விடும், திரும்பக் கேட்க ஆள் கிடையாது.

படி 1: வாங்குவார்களா என்று முதலில் கேளுங்கள்

சேர்த்த பிறகு கேட்பது அபத்தம். நாங்கள் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தோம். கிரிப்டோ நன்கொடை வாங்குவதில் தொண்டு அமைப்புகளின் மனசு மாறிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் 2011-இல் பிட்காயினை வாங்குவதை நிறுத்தி, 2013-இல் மறுபடி தொடங்கியது. விக்கிமீடியா அறக்கட்டளை 2014 முதல் வாங்கிவந்து, 2022-இல் தன்னார்வலர்களின் வாக்கெடுப்புக்குப் பிறகு நிறுத்திவிட்டது. பழைய பட்டியல் ஒன்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த அமைப்பின் சொந்தத் தளத்தில் இன்றைக்கு நன்கொடைப் பக்கம் இருக்கிறதா, அதில் எந்தக் காசு, எந்த நெட்வொர்க் என்று பார்த்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.

படி 2: கிள்ளிக் கொடுக்க லைட்னிங்

கிள்ளிக் கொடுப்பதற்கு ஒரு வழி, அள்ளிக் கொடுப்பதற்கு வேறு வழி. இரண்டையும் ஒரே வழியில் செய்யப் பார்த்ததுதான் என் முதல் தப்பு.

அரட்டைக்கு நடுவே 100 சாட், 500 சாட் கொடுப்பதென்றால் லைட்னிங் மட்டும்தான்: பிட்காயினுக்கு மேல் ஓடும், சில்லறையைச் சட்டென்று அனுப்பும் தனி வழி. ஆன்-செயினில், அதாவது நேராகப் பிட்காயினின் பொதுப் பதிவேட்டில், 500 சாட் என்பது காசே இல்லை. பழைய வகை முகவரிக்கு 546 சாட்டுக்குக் குறைந்த தொகையைப் பிட்காயின் நோடுகள் (நெட்வொர்க்கை ஓட்டும் கணினிகள்) தூசு என்று ஒதுக்கிவிடும்.

என் தேர்வு ஃபீனிக்ஸ் என்ற லைட்னிங் வாலட். சாவி நம் கையில் இருக்கும், சேனல் (லைட்னிங்கில் பணம் ஓடும் வாய்க்கால்) விவகாரங்களை அதுவே பார்த்துக்கொள்ளும். சாவியை நிறுவனமே வைத்துக்கொள்ளும் வாலட்டுகள் இதைவிடச் சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இருப்பது உங்கள் காசு இல்லை, உங்களுக்கு அவர்கள் தரவேண்டிய பாக்கி. ரெடிட்டில் டோஜ்காயின் என்ற இன்னொரு கிரிப்டோ காசைக் கிள்ளிக் கொடுக்க ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) இருந்தது. 2017-இல் அது மூடியபோது அதற்குள் விட்டுவைத்தவர்களின் காசும் சேர்ந்தே போனது. குழுவில் பாட் வைத்தால் ஒரு வாரத்துக்கான சில்லறை மட்டும் அதில் இருக்கட்டும்.

இதில் புதியவர்கள் இடறும் இடம் இரண்டு.

முதலாவது, இன்வாய்ஸ், அதாவது பணம் கேட்கும் சீட்டு. அடுத்த முறை லைட்னிங்குக்கு மாறியபோது நான் "உண்டியல் இதோ" என்று ஒரு க்யூஆர் படத்தைக் குழுவில் பின் செய்தேன். முதல் ஆள் போட்டார். இரண்டாவது ஆளுக்குப் பிழை. மூன்றாவது ஆளுக்கும் பிழை. அரை மணி நேரம் ஆளாளுக்குத் தங்கள் வாலட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சாதாரண லைட்னிங் இன்வாய்ஸ் ஒரே ஒரு முறைக்குத்தான். காலாவதி நேரம் குறிப்பிடாவிட்டால் ஒரு மணி நேரத்தில் அது செத்தும் போகும். பின் செய்து வைக்க வேண்டியது மின்னஞ்சல் போலவே தோற்றமளிக்கும் லைட்னிங் முகவரி, அல்லது போல்ட் 12 ஆஃபர் என்ற புது வகைச் சீட்டு. இவற்றுக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். போல்ட் 12-க்கு எல்லா வாலட்டும் பணம் செலுத்தாது. அதனால் லைட்னிங் முகவரியையும் கூடவே போடுங்கள்.

இரண்டாவது, உள்வரும் கொள்ளளவு. காலி வாலட் வரவு வாங்க வேண்டுமென்றால் சேனலின் எதிர்ப்பக்கத்தில் இடம் வேண்டும். ஃபீனிக்ஸ் அந்த இடத்தை ஏற்படுத்திக் கொடுத்துவிட்டு, கூலியை உங்கள் வரவிலேயே பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக இடம் வாங்கினால் ஒவ்வொரு முறையும் கூலி. எவ்வளவு சேரும் என்று உத்தேசித்து, கட்டணம் குறைந்த ஒரு நாளில் மொத்தமாக இடத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

(இந்தக் கிள்ளிக் கொடுக்கும் பழக்கம் புதிதல்ல. 2010-இல் காவின் ஆண்ட்ரெசன் ஒரு தளம் நடத்தினார், போய்க் கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கு 5 பிட்காயின். சாட் இல்லை, பிட்காயின். அப்போது அது சில்லறை. 2014-இல் டோஜ்காயின் கூட்டம் ஜமைக்காவின் பாப்ஸ்லெட் அணி சோச்சி குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போகவும், கென்யாவில் கிணறு தோண்டவும் பணம் திரட்டியது. நாய்ப் படம் போட்ட காசு என்று சிரித்தவர்கள் அதற்கப்புறம் கொஞ்சம் அடங்கினார்கள்.)

படி 3: உண்டியல், நான் வழுக்கி விழுந்த இடம்

நான் செய்தது இது. ஸ்பாரோ என்ற கணினி வாலட் செயலியில் புது வாலட் திறந்து, ஆன்-செயின் முகவரிகளைக் கொடுத்தேன். 43 பேரும் தனித்தனியாக அனுப்பினார்கள். அப்போது கட்டணம் குறைவாக இருந்ததால் ஆளுக்குக் கொஞ்சம்தான் செலவானது. யாருக்கும் வலிக்கவில்லை.

வாலட் மேலே "4,30,000" என்று ஒரே எண்ணாகக் காட்டுகிறது. நாமும் அது ஒரே குவியல் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் உள்ளே இருப்பது 43 தனித்தனி நாணயங்கள். யூடிஎக்ஸ்ஓ என்று சொல்வது இவற்றைத்தான். செலவு செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கையொப்பம் போட்டுப் பரிவர்த்தனைக்குள் ஏற்ற வேண்டும். பிட்காயினில் கூலி தொகைக்கு இல்லை, எடைக்கு. கோடி சாட்டை ஒரே நாணயமாக அனுப்பினால் எடை குறைவு. 43 சில்லறையைக் கட்டி அனுப்பினால் மூட்டை கனக்கும்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இப்போது பலரும் வைத்திருக்கும், 'பிசி1க்யூ' (bc1q) என்று தொடங்கும் வகை முகவரியில் ஒரு நாணயத்தை ஏற்ற சுமார் 68 விர்ச்சுவல் பைட் (எடையை அளக்கும் அலகு). 43 நாணயம் என்றால் 2,924. வெளியே போகும் ஒரு முகவரிக்கு 31, பொதுச் செலவு 11 சேர்த்து ஏறக்குறைய 2,966. அன்றைய விகிதம் பைட்டுக்கு 60 சாட். பெருக்கினால் 1,78,000 சாட். சேர்ந்ததில் நூற்றுக்கு 41.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. குழுவில் ஒருவர் 3,000 சாட் போட்டிருந்தார். அந்த ஒரு நாணயத்தை எடுக்க மட்டும் 4,080 சாட் கூலி. அவர் போடாமலே இருந்திருந்தால் அன்றைக்கு அமைப்புக்கு ஆயிரம் சாட் கூடுதலாகப் போயிருக்கும். தலைப்பில் இருக்கும் பழமொழியை அவர்தான் குழுவில் முதலில் போட்டார்.

விகிதம் ஏன் அப்படி ஏறியது? அந்த ஏப்ரல் 20-ஆம் தேதி 8,40,000-ஆவது பிளாக்கில் (பரிவர்த்தனைகளைக் கட்டி ஏற்றும் பெட்டி) பாதியாக்கம், அதாவது புது பிட்காயின் வெளிவரும் அளவு பாதியாவது, நடந்தது. அதே பிளாக்கில் ரூன்ஸ் என்ற டோக்கன் முறையும் தொடங்க, எல்லாரும் இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு பிளாக்கில் மட்டும் கட்டணமாக 37 பிட்காயினுக்கு மேல் சேர்ந்தது. நான் அனுப்ப வந்தது அந்தக் கூட்டம் முழுசாகக் கலைவதற்கு முன்.

செய்தது என்ன? காத்திருந்தேன். கட்டண விகிதத்தைக் காட்டும் மெம்பூல் ஸ்பேஸ் பக்கத்தைத் தினமும் பார்த்து, விகிதம் 5-க்கு இறங்கிய ஒரு இரவில் 43 நாணயங்களையும் எனக்கே அனுப்பி ஒன்றாக்கினேன். 14,830 சாட் ஆனது. ஸ்பாரோவில் யூடிஎக்ஸ்ஓ பட்டியலுக்குப் போய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அதே வாலட்டின் புது முகவரிக்கு அனுப்பினால் முடிந்தது. எலக்ட்ரம் என்ற வாலட்டிலும் காயின்ஸ் பட்டியலில் இதைச் செய்யலாம். ஸ்பாரோ எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், எந்த நாணயம் உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று அனுப்புவதற்கு முன்பே படம் போட்டுக் காட்டும். அந்தப் படத்தில் இடப்பக்கம் 43 கோடுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் மண்டையில் ஏறியது.

இப்போது நாங்கள் செய்யும் முறை இன்னும் சுருக்கம். ஆளாளுக்குப் போடுவதெல்லாம் லைட்னிங்கில். இலக்கு எட்டியதும் ஃபீனிக்ஸிலிருந்து ஆன்-செயினுக்கு ஒரே பரிவர்த்தனை. உண்டியலில் ஒரே ஒரு நாணயம்.

படி 4: மூன்று சாவி, இரண்டு கை

பொதுப் பணத்தை ஒரு ஆள் வைத்திருக்கக் கூடாது. நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. அந்த ஆளின் போன் தொலைந்தால் என்ன செய்வது? தொகை கொஞ்சம் பெரிதானதும் ஸ்பாரோவில் மூன்றில் இரண்டு மல்டிசிக் போட்டுவிடுங்கள். மூன்று பேர் சாவி வைத்திருப்பார்கள், இரண்டு பேர் கையெழுத்திட்டால் பணம் நகரும். ஒவ்வொருவரும் தங்கள் 12 சொற்களோடு வாலட் அமைப்புக் கோப்பையும் பத்திரப்படுத்த வேண்டும். அந்தக் கோப்பு இல்லாமல் இரண்டு சாவியை மட்டும் வைத்துக்கொண்டு திண்டாடுவீர்கள்.

இதில் ஒரு நாணயத்தின் எடை 68 இல்லை, 104 சுற்றி. அதனால்தான் சில்லறையை நேராக மல்டிசிக்கில் போடச் சொல்லவில்லை.

படி 5: ஒப்படைப்பு

முகவரியைக் குழுவில் யாரோ ஒட்டியதிலிருந்து எடுக்காதீர்கள். அமைப்பின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து போய் எடுங்கள். ஒட்டிய பிறகு முதல் எட்டு, கடைசி எட்டு, நடுவில் ஒரு துண்டு என்று ஒப்பிடுங்கள். நகலெடுத்த முகவரியைக் கமுக்கமாக மாற்றிவிடும் நச்சுநிரல்கள் உண்டு. முதல் நான்கும் கடைசி நான்கும் ஒத்துப்போகும்படி முகவரி செய்து, உங்கள் வரலாற்றுப் பட்டியலில் செருகிவைக்கும் ஆட்களும் உண்டு.

சில அமைப்புகள் பிடிசிபே சர்வர் மாதிரி பணம் வாங்கும் மென்பொருள் ஒன்றை வைத்திருக்கும். அங்கே ஒவ்வொரு நன்கொடைக்கும் புது இன்வாய்ஸ், பெரும்பாலும் 15 நிமிடக் கெடு. மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய வாலட்டில் 15 நிமிடம் என்பது ஒன்றுமே இல்லை. இரண்டாவது கையெழுத்துக்காரர் இணைப்பில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு இன்வாய்ஸைத் திறங்கள். நாங்கள் இரண்டு இன்வாய்ஸைப் பலிகொடுத்துவிட்டுத்தான் இதைக் கற்றோம்.

அனுப்பியதும் பரிவர்த்தனை எண்ணைக் குழுவில் போடுங்கள். யார் வேண்டுமானாலும் எக்ஸ்ப்ளோரரில் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளம்) பார்த்துக்கொள்ளட்டும். 2017 டிசம்பரில் "பைன்" என்ற பெயரில் மட்டும் தெரிந்த ஒருவர் பைன்ஆப்பிள் ஃபண்ட் என்று தொடங்கி 60 அமைப்புகளுக்கு 5.5 கோடி டாலர் கொடுத்தார். ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆள் தெரியாமலே கணக்குக் காட்டலாம்.

ஆனால் "இதில் உங்களுடையது எது?" என்று உறுப்பினர்களைக் கேட்காதீர்கள். ஆன்-செயினில் போட்டவர் தன் நாணயத்தைக் காட்டிவிட்டால், மீதிச் சில்லறை எங்கே போனது என்று தொடர்ந்து போய் அவர் கையிருப்பையே ஒருவர் கணக்கிடலாம்.

பின்சேர்க்கை 1: பிட்காயின் வேண்டாம், டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் யூஎஸ்டிடி சேர்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். சேர்க்கலாம், நெட்வொர்க்கைப் பார்த்து. ட்ரான் முகவரியும் எத்தீரியம் முகவரியும் பார்த்தாலே வேறு என்று தெரியும். எத்தீரியமும் பிஎன்பி செயினும் அப்படியில்லை, முகவரியின் உருவம் ஒன்றேதான். அமைப்பு எத்தீரியத்தில் மட்டும் வாங்கும்போது நீங்கள் பிஎன்பி செயினில் அனுப்பினால் வாலட் தடுக்காது. எக்ஸ்ஆர்பி என்றால் டெஸ்டினேஷன் டேக், ஸ்டெல்லர் என்றால் மெமோ கேட்கிறார்களா என்று பாருங்கள். பல பேருக்குப் பொதுவான முகவரியில் அந்த எண்தான் பெயர்ப்பலகை.

பின்சேர்க்கை 2: குழுவில் உண்டியல் வைத்த மறுநாளே என் படத்தையும் பெயரையும் போட்டுக்கொண்டு ஒருவர் உறுப்பினர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பினார்: "முகவரி மாறிவிட்டது." இப்போது பின் செய்த செய்தியின் முதல் வரியே "நான் யாருக்கும் தனியாக எழுத மாட்டேன்" என்பதுதான்.

பின்சேர்க்கை 3: 2 சாட் விகிதத்தில் அனுப்பிவிட்டு மூன்று நாளாக நிற்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை. ஆர்பிஎஃப் (கட்டணத்தைக் கூட்டி மாற்றும் வசதி) இருந்தால் அதே பரிவர்த்தனையைக் கூடுதல் கட்டணத்தோடு மறுபடி அனுப்புங்கள், ஸ்பாரோவில் வலது கிளிக்கில் இருக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் சும்மா விடுங்கள். பிட்காயின் கோர் நோடுகள் வழக்கமாக இரண்டு வாரத்தில் அதை மறந்துவிடும், காசு உங்களிடமே இருக்கும்.