மோன்ஃபோர் எல்லாம் பங்காளிகள் இல்லை

போன மாதம் ஒரு தம்பி பெரிய வம்சாவளி சார்ட் ஒன்றை விரித்துக் காட்டினார். உச்சியில், நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற 1066 ஹேஸ்டிங்ஸ் போரில் நின்ற ஹியூ த மோன்ஃபோர், அடியில் பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனியின் கோமகன்கள், நடுவில் பிசகே இல்லாத கோடுகள். அதே கோடுகளை நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான். அதில் விழும் பிழைகள் இவை.

ஊர்ப் பெயரைக் குலப் பெயராக்குவது

மோன்ஃபோர் என்றால் வலுவான மலை. குன்றின் மேல் கோட்டை கட்டிய எவரும் வைத்துக்கொள்ளலாம். ஹியூவின் ஊர் நார்மண்டியில், ரீல் ஆற்றங்கரையில் இருக்கிறது. சிமோன் என்ற பெயரில் புகழ்பெற்ற அப்பா, மகன் இருவரின் ஊர் பாரிசுக்கு மேற்கே உள்ள மோன்ஃபோர்-லமோரி. இரண்டும் வேறு வேறு குடும்பங்கள்.

பெண்வழியை விழுங்கிவிடுவது

இதுதான் என் கையைச் சுட்டது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. 1341இல் பிரிட்டனி கோமகன் வாரிசில்லாமல் இறக்க, அவருடைய மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பியான ழான் த மோன்ஃபோர் பட்டத்துக்கு உரிமை கோரினார். 1364இல் ஓரே போரில் அவருடைய மகன் வெல்லும்வரை சண்டை இழுத்தது. தென் பிரான்சில் திருச்சபையிலிருந்து விலகிய ஆல்பிஜென்சியரை ஒடுக்கப் படை நடத்திய அப்பா சிமோனின் நேர் வாரிசு இந்த ழான் என்று எழுதி, தலைக்கு மேல் சிமோன் குடும்பச் சின்னமான இரட்டை வால் வெள்ளிச் சிங்கத்தையும் வரைந்து, கைக்காசில் 200 பிரதி அச்சடித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பென்சிலால் ஒரே ஒரு வட்டம் போட்டார்: "அம்மா எங்கே?"

சிமோனின் மூத்த மகன் அமோரி. அமோரியின் மகன் ழான் 1249இல் இறந்தபோது மிஞ்சியது பெயத்ரிஸ் என்ற ஒரே மகள். அவர் த்ரூ குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அவருடைய மகள் யோலாந்த், முதலில் ஸ்காட்லாந்து அரசி. விதவையான பின் பிரிட்டனியின் இரண்டாம் ஆர்தரை மணந்தார். அவர்கள் பிள்ளைதான் நம் ழான். தாய்வழிச் சொத்தாக வந்த மண்ணோடு அதன் பெயரும் சேர்ந்து வந்தது. பிரிட்டனி கோமகன்களும் த்ரூ குடும்பத்தின் ஒரு கிளை என்பதால், தந்தை வழியில் பார்த்தால் அவரும் த்ரூ வம்சம்தான். 200 பிரதியும் பழைய பேப்பர் கடைக்குப் போயின.

ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் பெயரைப் பார்க்குமுன், மண் யார் வழியாகக் கை மாறியது என்று பாருங்கள். மகன் இல்லாத இடத்தில் சிவப்பு மையால் குறியுங்கள்.

இரண்டு சிமோன்கள்

1218இல் தூலூஸ் முற்றுகையில் கல் பட்டு இறந்தவர் அப்பா. இங்கிலாந்து மன்னரைச் சிறைப்பிடித்து, 1265இல் ஈவ்ஷாம் போரில் மாண்டவர் மகன். இறந்த ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள்.

பெயரில் 'த' (de) வந்தால் பிரபுவா?

இல்லை.

ஏற்காட்டு மான்ட்ஃபோர்ட் பள்ளி

அந்தப் பெயருக்குரிய புனிதர் லூயி மரி 1673இல் பிறந்தது மூன்றாவது ஒரு மோன்ஃபோரில், பிரிட்டனியின் மோ ஆற்றங்கரையில். குடும்பப் பெயர் க்ரிஞ்ஞோன். தம்பியின் சார்ட்டில் அவரும் இருந்தார்.