நடன இசை: பிபிஎம்மை நம்பிக் கெடாதீர்கள்

புதிதாக டிஜே கற்க வருகிறவர்களின் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், ஆரம்பத்தில் நான் பாட்டுகளை அடுக்கி வைத்திருந்த மாதிரியேதான் இருக்கும். ஒலியைக் கூட்டிவிடுவது, ஹெட்ஃபோனில் கேட்காமலே அடுத்த பாட்டைத் திறந்துவிடுவது போன்றவை நாலு மேடை ஏறினால் தானாகச் சரியாகிவிடும். நடன இசையைப் பற்றிய புரிதலிலேயே இருக்கும் கோளாறுகள் அப்படிப் போவதில்லை.

நடன இசை என்றால் எலக்ட்ரானிக் இசை என்று நினைப்பது

ஆடுவதற்கென்று அமைந்த எதுவும் நடன இசைதான். வால்ட்ஸ், டாங்கோ, சல்சா, டிஸ்கோ எல்லாம் இதில் அடக்கம். கால் எங்கே விழ வேண்டும் என்பதை இசை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். எலக்ட்ரானிக் வகைகளான ஹவுஸும் டெக்னோவும் 1980களில்தான் வந்து சேர்ந்தன.

ஹவுஸும் டெக்னோவும் ஒன்று என்பது

இல்லை. ஹவுஸ் சிகாகோவில் பிறந்தது, டெக்னோ டெட்ராய்ட்டில்.

பிபிஎம்மை வைத்து வகை பிரிப்பது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்ணை, அதாவது பிபிஎம்மை, மென்பொருள் காட்டும். அந்த வரிசையில் பாட்டுகளை அடுக்கி, பக்கத்துப் பக்கத்து எண்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் ஆட்டம் தொடரும் என்று நம்புகிறார்கள்.

ஒரு விருந்தில் ஒரு தம்பி இப்படித்தான் செய்தார். 138 பிபிஎம்மில் டிரான்ஸ் என்ற எலக்ட்ரானிக் வகை ஓடிக்கொண்டிருந்தது. பீட்டுக்குப் பீட் கிக் (கனத்த டிரம் அடி) விழ, கூட்டமே ஒன்றாகக் குதித்துக்கொண்டிருந்தது. அடுத்து 140இல் இன்னொரு வகை, ஒரு டப்ஸ்டெப். வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டன் போட்டிருந்தார், பீட்டுகள் அச்சுப் பிசகாமல் பொருந்தின. ஆனால் டப்ஸ்டெப்பில் கிக் முதல் பீட்டில் விழும், ஸ்னேர் (சுள்ளென்ற டிரம் அடி) மூன்றாவதில் விழும், நடுவில் பெரிய இடைவெளி. காதுக்கு அது 70 மாதிரிதான் கேட்கும். முன்வரிசையில் ஒரு பெண் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். சிலர் கைதட்டித் தாளத்தைத் தேடினார்கள். தம்பி பதறிப்போய் டெம்போவை ஏற்றினார். இடைவெளி அப்படியே இருக்க, பாடியவரின் குரல் மட்டும் கீச்சிட்டது. பத்தே நிமிடத்தில் தளத்தில் பாதிப் பேர் இல்லை. போனவர்களைத் திரும்பக் கூட்டிவருவது லேசான காரியமில்லை.

வேகம் ஒன்று, நடை (பீட்டுகளில் அடிகள் விழும் விதம்) வேறு. போட்டி நடனத்தில் வியன்னா வால்ட்ஸின் வேகம் நிமிடத்துக்கு 174 முதல் 180 பீட். டிரம் அண்ட் பேஸ் என்ற எலக்ட்ரானிக் வகையும் ஏறக்குறைய அதே எண்தான். முன்னது மூன்று மூன்றாக எண்ணிச் சுழல்வது. பின்னது நான்கு பீட்டுக்குள் உடைந்து ஓடும் டிரம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட யாருக்காவது மனம் வருமா? மென்பொருளுக்கு வரும். அப்புறம், 174இல் இருக்கும் டிரம் அண்ட் பேஸைச் சில நேரம் அதே மென்பொருள் 87 என்றும் காட்டும். உடனே அது மெதுவான ஹிப்ஹாப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எனவே திரையை மூடிவிட்டுப் பாட்டைப் போடுங்கள். எழுந்து நின்று அதற்கு நடந்து பாருங்கள். கிக் எல்லாப் பீட்டிலும் விழுகிறதா? ஸ்னேரோ கிளாப்போ இரண்டிலும் நான்கிலும் வருகிறதா, மூன்றில் மட்டும் வருகிறதா? ஹை-ஹாட் (ஜால்ரா போன்ற தட்டுகளின் ஒலி) பீட்டின் மேல் விழுகிறதா, இரண்டு பீட்டுக்கு நடுவிலா? நடுவில் திறந்து ஒலித்தால், கீழே கிக் சீராக ஓடினால், 120க்கும் 130க்கும் இடையில் இருந்தால், பெரும்பாலும் ஹவுஸ் பக்கம்தான். கண்டதைப் பாட்டின் கமெண்ட் பகுதியில் எழுதி வையுங்கள்: எல்லாப் பீட்டிலும் கிக் விழுந்தால் ‘நேர் நடை’, ஸ்னேர் மூன்றில் மட்டும் வந்தால் ‘பாதி நடை’, டிரம் உடைந்து ஓடினால் ‘உடைந்த நடை’. நான் அடுக்குவது இப்படித்தான், பிபிஎம் அதற்கடுத்துத்தான்.

நடையை மாற்றவே கூடாது என்றில்லை. கிக்கே இல்லாத ஒரு பகுதி வரும்வரை காத்திருங்கள். அங்கே ஆடுகிறவர்கள் எப்படியும் மூச்சு வாங்குவார்கள், புதிய நடை உள்ளே வர அதுதான் இடம்.

பார் எண்ணாமல் அடுத்த பாட்டை நுழைப்பது

பெரும்பாலான கிளப் பாட்டுகள் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பார்களாக (ஒரு பார் என்றால் நான்கு பீட்) நகர்பவை. எட்டின் தொடக்கத்தில் நுழையுங்கள்.

ரேடியோ எடிட்டை வைத்து மிக்ஸ் செய்வது

வேண்டாம், அது வானொலிக்காகச் சுருக்கிய பதிப்பு. எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்ற நீண்ட பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் முன்னும் பின்னும் வெறும் தாளம் ஓடுவது உங்களுக்காகத்தான்.